கத்திக்கு முன்னால் மூன்று ஊசி

ஊசிக்குப் பயப்படுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஊசியைக் கையில் வைத்திருப்பவளும் பயப்படுவாள் என்று சொன்னால் மட்டும் ஒருவரும் நம்புவதில்லை.

செகந்திராபாத்தில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. எங்கள் அறைக்கு வருகிறவர்களுக்கு ரத்தக்குழாய்க் கட்டி இருக்கும். உதட்டில், கன்னத்தில், நாக்கில், கையில் என்று எங்கே வேண்டுமானாலும் வரும். புற்றுநோய் இல்லை, பரவாது. அதனால் சாதுவான கட்டி என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். எழுதியவர் அதை வெட்டிப் பார்த்திருக்க மாட்டார். உள்ளே முழுக்க ரத்தம் நிறைந்த சின்னச் சின்னப் பைகள், தண்ணீரில் ஊறிய ஸ்பாஞ்சு மாதிரி. கத்தியை வைத்தால் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் ரத்தம் வந்துகொண்டிருக்கும். ஆகவே அறுவை சிகிச்சைக்கு முன்னால், ஊசி வழியாக ஒரு மருந்தை உள்ளே செலுத்தி, அந்தப் பைகளின் சுவர்களை ஒட்டவைத்து, கட்டியைச் சுருக்கித் தர வேண்டும். அந்த ஊசி போடுகிற டாக்டர் நான். கட்டியை எடுத்தவரின் பெயர்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சுருக்கிக் கொடுத்தவளை, கல்யாணத்தில் பந்தல் போட்டவரை நினைவு வைத்திருக்கும் அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் வருத்தம் வேறு. இருபது வருஷமாகப் போட்டும் பயம் போகவில்லை.

ஊசி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வாசகர்களே, நாம் ஒரே கட்சிதான். நீங்கள் ஊசியின் அந்த முனையில் இருக்கிறீர்கள், நான் இந்த முனையில். ஒரு சிறுமியின் நாக்குக்காக நாலு மாதம் பயந்துகொண்டே இருந்தேன். அந்த நாலு மாதத்தில் நடந்தவை இவை.

ஒரு நிமிஷம் குனி

நிவேதாவுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா கதிரேசன் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் ஃபோர்மேன். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து பத்து வருஷம் ஆகிறது. அம்மா சாந்தி. இவர்கள் தமிழில் கேட்டால் பெண் தெலுங்கில் பதில் சொல்வாள். அந்த வீட்டில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படுவதில்லை. நாக்கின் இடப் பக்கம் பிறந்ததிலிருந்தே ஒரு நீலப் புள்ளி இருந்திருக்கிறது. ஒரு வருஷத்தில் அது மளமளவென்று வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சாப்பிடும்போது அதைக் கடித்துக்கொண்டாள். சட்டை, டிபன் டப்பா, பெஞ்சு எல்லாம் ரத்தம். அரை மணி நேரம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வகுப்பில் தனியாக உட்கார்ந்து, சாதத்தைப் பிசைந்து பிசைந்து கூழாக்கித்தான் சாப்பிடுகிறாளாம்.

எங்கள் அறையில் முதல் பரிசோதனைக்கு மெஷின் எதுவும் தேவையில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் கட்டியில் இருக்கும் ரத்தம் வடிந்து அது அடங்கிவிடும். தலையைத் தொங்கப்போட்டால் நிறைந்துகொண்டு வெளியே வரும். "ஒரு நிமிஷம் குனிஞ்சு இரு கண்ணு" என்றேன். "தெலுசு ஆன்ட்டி" என்றாள், இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்கிற மாதிரி. இந்தக் கட்டி உள்ளவர்கள் எல்லோருமே கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் குனிந்து பார்த்துக்கொள்கிறவர்கள்தான். வெளியே சொல்ல மாட்டார்கள். நிவேதா குனிந்தாள். நிமிர்ந்தபோது நாக்கின் இடப் பாதி நாவல்பழ நிறத்தில் உப்பி, பல்லுக்கு வெளியே வந்திருந்தது. சாந்தி முன்பே பார்த்திருக்கிறார். கதிரேசன் பார்த்ததில்லை. அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

அறுவை சிகிச்சை செய்ய வேண்டியவர் டாக்டர் ரெட்டி. மெட்ராஸில் படித்தவர், தமிழ் நன்றாகவே வரும். என்னை அறைக்கு வெளியே அழைத்துப் பேசினார். இப்படியே வெட்டினால் மேஜையிலேயே பிள்ளை போய்விடும், வெட்டாமல் விட்டால் இன்னொரு நாள் கடித்துக்கொண்டு போய்விடும் என்றார். நாக்கில் ஊசி போட்டால் சுருங்குவதற்கு முன்னால் அது வீங்குமே, வீங்கினால் மூச்சு அடைக்கலாமே என்று நான் இழுத்தேன். அது அவருக்கும் தெரியும். கைகழுவும் தொட்டிப் பக்கம் நடந்துகொண்டே சொன்னார்: "மூணு ஊசி போடுங்க மேடம், பாதியா சுருக்கிக் குடுங்க, அப்புறம் நான் பாத்துக்கறேன். அதுவரைக்கும் பயம் உங்களோடது."

மாதாப்பூரிலிருந்து வந்த அட்டவணை

நிவேதாவுக்கு முதல் ஊசிக்கு நாள் குறித்திருந்த வாரம், மாதாப்பூரில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர் இளைஞர் ஒருவர் வந்தார். கன்னத்தில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி. அவர் அதைவிடப் பெரிதாக ஒரு லாப்டாப் கொண்டுவந்திருந்தார். அதில் அட்டவணை போட்டு வைத்திருந்தார். ஒரு பத்தியில் நன்மை, ஒரு பத்தியில் தீமை. நன்மைப் பத்தியை அவரே நிரப்பியிருந்தார். தீமைப் பத்தியை நான் நிரப்ப வேண்டுமாம்.

நான் நேர்மையான ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு. சொல்லிக்கொண்டே போனேன். தோல் கறுத்துப் புண்ணாகலாம். முகத்து நரம்பு பாதிக்கப்பட்டு வாய் கோணலாம். மருந்து வேறு ரத்தக்குழாய்க்குள் போய்விடலாம், எப்போதாவது நுரையீரல் வரைக்கும் போகலாம். இதெல்லாம் அபூர்வம் என்று ஒவ்வொன்றுக்கும் பிறகு சொன்னேன். அவர் விரல்கள் அபூர்வத்தை மட்டும் தட்டச்சு செய்யவில்லை. எட்டாவது வரியில் முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். தண்ணீர் பாட்டில் மேஜையிலேயே இருந்தது. ஆள் வரவில்லை. மறுநாள் போன் செய்து பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். மிகவும் மரியாதையாகப் பேசினார்: "நீங்க நல்ல டாக்டர்னுதான் மேடம் எல்லாரும் சொன்னாங்க. ஆனா இவ்வளவு உண்மையை ஒரே நேரத்துல நான் எதிர்பார்க்கலை."

இருபது தடவை

அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அது எவ்வளவு தப்பான முடிவு என்பது ஆறு வாரம் கழித்துத் தெரிந்தது. இனிமேல் யாரையும் பயமுறுத்துவதில்லை என்பதுதான் அது. நிவேதாவின் அப்பா அம்மாவை உட்காரவைத்து, மாதாப்பூர்க்காரருக்குக் காட்டாத சிரிப்பையெல்லாம் அவர்களுக்குக் காட்டினேன். "ஊசி போட்டப்புறம் நாக்கு நல்லா வீங்கும். பாக்கவே ஒரு மாதிரி இருக்கும். மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். பயப்படாதீங்க" என்றேன். பயப்படாதீங்க என்பதை மூன்று முறை சொல்லியிருப்பேன். மூச்சு என்ற சொல் ஒரு தடவை வந்தது. அதை வேகமாகச் சொல்லிக் கடந்துவிட்டேன். சாந்தி தலையாட்டினார். கதிரேசன் கையெழுத்துப் போட்டார்.

மருந்தை அப்படியே போடுவதில்லை. ஒரு சிரிஞ்சில் மருந்து, இன்னொன்றில் காற்று, நடுவில் ஒரு சின்னக் குழாய். இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு என்று இருபது தடவை வேகமாகத் தள்ளினால் ஷேவிங் க்ரீம் மாதிரி வெள்ளை நுரையாகும். நுரை உடைவதற்குள் கட்டிக்குள் போயாக வேண்டும். நிமிஷக் கணக்குதான். என்னோடு நிற்பவர் சிஸ்டர் ஃபாத்திமா. செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவர். என் தமிழும் அவர் தமிழும் ஒரே சந்தையில் வாங்கியதுதான். எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக வேலூர்த் தமிழில், வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் உருதுவின் நக்கோவைக் கலந்துதான் பேசுகிறோம்.

நிவேதாவுக்கு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் டியூப் வைத்தாகிவிட்டது. நாக்கு வெளியே இழுத்துப் பிடிக்கப்பட்டிருந்தது. இவ்வளவு சின்ன நாக்கில் இவ்வளவு பெரிய ஊசியா என்று எனக்கே தோன்றியது. நுரையைத் தள்ள ஆரம்பித்தேன். பதினாலா பதினைந்தா என்று பதினாலில் சந்தேகம் வந்துவிட்டது. அதைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் பன்னிரண்டில் கை நின்றது. ஃபாத்திமா மானிட்டரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் எண்ணறேன், நீங்க தள்ளுங்க. டென்ஷன் நக்கோ மேடம், கொழந்தை தூங்கிடுச்சு. இந்த ரூம்ல பயப்படறதுக்கு இப்ப நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

சைனிக்புரி சுபேதார்

முதல் ஊசி சொன்னபடி நடந்துகொண்டது. இரண்டு நாள் வீங்கியது, மூன்றாம் நாள் வடிந்தது, மூன்று வாரத்தில் கட்டி கால் பங்கு குறைந்திருந்தது. சாந்தி எனக்கு ஒரு டப்பா அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தெம்பில் இருந்தபோதுதான் சைனிக்புரியிலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் வந்தார். வயது எழுபத்திரண்டு. கீழுதட்டில் நீலக்கட்டி. மயக்கம் தேவையில்லை, உதடு மட்டும் மரத்தால் போதும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். எல்லையில் பனிக்குள் கிடந்தது, தொடையில் குண்டு துளைத்தது எல்லாவற்றையும் நான் மருந்து தயார் செய்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஊசியை உதட்டுப் பக்கம் கொண்டுபோனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் இன்னும் ராணுவம் பாக்கி இருந்தது. ஐந்து நிமிஷம் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். குண்டுக்குப் பயப்படாதவர் இதற்கா என்று ஃபாத்திமா கேட்டேவிட்டார். சுபேதார் யோசித்துப் பதில் சொன்னார்: "குண்டு எங்கேருந்து வரும்னு தெரியாதும்மா, அதனால பயமில்லை. இது எங்கே வரும்னு தெரிஞ்சு, நானே வாயைத் தொறந்து காட்டிட்டுப் படுத்திருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமைப் படம்

நிவேதாவுக்கு இரண்டாவது ஊசி முதல் ஊசிக்கு ஐந்து வாரம் கழித்து. இந்த முறை கட்டியின் பின்பக்கம், தொண்டைக்குப் பக்கத்தில் போட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தேன், வீக்கம் போன தடவையைவிடக் குறைவுதான். அவளுக்கும் வீட்டுக்குப் போகிற ஆசை. மருந்துச் சீட்டு எழுதி, இரண்டு தலையணை வைத்துப் படுக்கச் சொல்லி, என் வழக்கமான வாக்கியத்தையும் சொல்லி அனுப்பிவைத்தேன்.

மறுநாள் மத்தியானம் மாரேட்பள்ளியில் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். கதிரேசன் நம்பரிலிருந்து ஒரு படம் வந்தது. அனுப்பியவள் நிவேதா. தானே எடுத்திருந்தாள். நாக்கு பல்லைத் தாண்டி வெளியே நின்றது. மோவாயை முன்னால் நீட்டி, கழுத்தை எக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோவாயிலிருந்து எச்சில் வடிந்து சட்டையில் விழுந்திருந்தது. கீழே ஒரே வரி, "ஓகேனா ஆன்ட்டி?" நாக்கின் அளவு என்னைப் பயமுறுத்தவில்லை. அவள் உட்கார்ந்திருந்த விதம் பயமுறுத்தியது. மூச்சுக்கு இடம் தேடுகிறவர்கள்தான் அப்படி உட்காருவார்கள்.

உடனே போன் செய்தேன். சாந்தி எடுத்தார். பின்னால் குக்கர் விசில் கேட்டது. நிவேதா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். என் குரலை நான் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். சாந்தியின் குரலில் ஒரு கலவரமும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததை எனக்கே திருப்பிச் சொன்னார்: "நல்லா வீங்கியிருக்கு டாக்டர். மருந்து நல்லா வேலை செய்யுது. நாங்க பயப்படவே இல்லை."

கூகட்பள்ளி வரைக்கும்

போனை அவள் வாயருகே வைக்கச் சொன்னேன். மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் கர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். "எதுவும் ஊட்டாதீங்க. படுக்க வைக்காதீங்க. நிமிர்ந்து உக்கார வச்சு, பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இப்பவே கூட்டிட்டுப் போங்க. செகந்திராபாத்துக்கு வராதீங்க, அவ்வளவு நேரம் இல்லை" என்றேன். இல்லை என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே உறைத்தது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டு, அதன் எமர்ஜென்சிக்குப் போன் செய்து, டியூட்டி டாக்டரிடம் என்ன வருகிறது, என்ன மருந்து போட வேண்டும், எதையெல்லாம் தயாராக வைக்க வேண்டும் என்று சொன்னேன். மூச்சுக்காகக் கழுத்தில் துளை போடுகிற கருவித் தட்டையும் சொன்னேன். எடுத்துவைக்கிறேன் என்றாள் அந்த டாக்டர் பெண்.

என் காரை நானே ஓட்ட அன்று தைரியம் இல்லை. வாடகைக் கார் பிடித்தேன். பாலாநகர் தாண்டி, கூகட்பள்ளியில் யாரோ ஒரு கல்யாண ஊர்வலம் பாதி ரோட்டை எடுத்துக்கொண்டிருந்தது. பேண்டு வாத்தியத்துக்கு ஆடுகிறவர்கள் ஒருவர்கூட அவசரத்தில் இல்லை. சிரிஞ்சைத் தள்ளுகிற மாதிரி என் கட்டைவிரல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அதை மற்ற கையால் பிடித்துக்கொண்டேன். என்ன பரபரப்பு, ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று டிரைவர் கேட்டார். இல்லை, நான் டாக்டர், ஒரு குழந்தையைப் பார்க்கப் போகிறேன், பயமாக இருக்கிறது என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். டாக்டர்கள்கூடப் பயப்படுவார்களா என்பது அவர் சந்தேகம். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்: "டாக்டர் லோகான் பி டர்தே க்யா, மேடம்?"

ஐந்து பேர்

நான் போய்ச் சேர்ந்தபோது நிவேதா கட்டிலில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு எவர்சில்வர் பேசின். அதில் எச்சில் சொட்டிக்கொண்டிருந்தது. வீக்கத்தை அடக்கும் ஊசி ஏற்கெனவே போட்டிருந்தார்கள். மூக்கருகே ஆக்சிஜன். அந்தக் கர்ர் சத்தம் வாசலிலிருந்தே கேட்டது. அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பேச முடியவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடி பார்ப்பதுபோல் நின்றேன். அதில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கட்டிலைச் சுற்றி ஐந்து பேர் நின்றோம். டியூட்டி டாக்டர், மயக்க மருந்து டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர், ஒரு சிஸ்டர், நான். பச்சைத் துணி மூடிய தட்டு பக்கத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் மோசமானால் கழுத்தில் துளையிட வேண்டும், அதற்குள் வீக்கம் இறங்கினால் பிழைத்தோம். மருந்து போட்டாகிவிட்டது, இனிமேல் நிற்பதுதான் வேலை. கதிரேசன் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாந்தி ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். இவ்வளவு பேர் எதற்கு டாக்டர் என்று கேட்டார். அப்போதுதான் முதல் முறையாக அவருக்கு முழுசாகச் சொன்னேன். மூச்சு அடைக்கலாம், அடைத்தால் என்ன செய்வோம், எவ்வளவு நேரம் இருக்கும் என்று. அன்று வரைக்கும் என்னை அவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் சொன்னதை அப்படியே செய்தவர். அன்றும் என்னிடம் அனுமதிதான் கேட்டார்: "அப்போ இப்பப் பயப்படலாமா டாக்டர்?"

மூன்றாவது ஊசி

சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தச் சத்தம் குறைய ஆரம்பித்தது. ஏழு மணிக்கு நின்றது. பச்சைத் துணியை யாரும் எடுக்கவில்லை. நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வெளியே வந்து மருந்துச் சீட்டு எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து நிவேதாவுக்குப் பேச வந்தது. வீட்டுக்குப் போனதிலிருந்து கண்ணாடி முன்னால் ஆறேழு தடவை குனிந்து பார்த்தாளாம். கட்டி போய்விட்டதா என்று பார்க்கத்தான். ஊசி போட்ட புண்ணில் ஒவ்வொரு குனிதலுக்கும் ரத்தம் போய் நிறைந்திருக்கிறது. குனியாதே என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் அவளிடம் குனி என்றுதான் சொல்லியிருந்தேன். இருபது வருஷ அனுபவம் என்று போர்டில் போட்டுக்கொள்கிறோம்.

மூன்றாவது ஊசி வேண்டாம் என்று சாந்தி சொல்லிவிட்டார். கதிரேசன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குள் ஒரு நிம்மதி பரவியதை ஒளிக்க விரும்பவில்லை. இனி நாக்கு, நுரை, தொண்டை எதுவும் என் பொறுப்பில்லை. ஆனால் டாக்டர் ரெட்டி ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் இன்னும் ரத்தம் ஓடுகிறது, இப்படியே வெட்ட முடியாது என்றார். நிவேதாதான் பேசினாள். தினமும் சாப்பிடும்போது பயந்துகொண்டுதானே இருக்கிறேன், இன்னும் மூன்று நாள் கூடுதலாகப் பயந்தால் என்ன என்பது அவள் கணக்கு. அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ரோஜூ பயமே கதா ஆன்ட்டி. இன்கோ மூடு ரோஜுலு, அன்தே."

இரண்டு நாற்காலிகள்

மூன்றாவது ஊசிக்கு முன்னால் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். பேச்சு குழறினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், படுக்க முடியாவிட்டால் பயப்படுங்கள், அந்த நிமிஷமே கூப்பிடுங்கள் என்று. குனியக்கூடாது என்பதைச் சிவப்பில் எழுதினேன். அதை ஃபாத்திமா தெலுங்கிலும் எழுதவைத்தார். ஐந்து நாள் எங்கள் ஆஸ்பத்திரியை விட்டு அவளை அனுப்பவில்லை. வீங்கியது, வடிந்தது. ஆறு வாரத்தில் கட்டி பாதிக்கும் கீழே வந்தது.

அறுவை சிகிச்சை அன்று காலை ஒன்பதரைக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். என் வேலை முடிந்திருந்தது. என் அறையில் எனக்காக மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர்களைப் பதினொரு மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே போனேன். அங்கே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் கதிரேசன். சாந்தி கீழே ரிசப்ஷனில் இருக்கும் பிள்ளையார் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கால் மணி நேரம் கழித்துக் கதிரேசன் கேட்டார். "உங்க வேலை முடிஞ்சிருச்சே டாக்டர், நீங்க ஏன் இங்க?"

"பயமா இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது. ஊசி சரியாகப் பிடித்திருக்காவிட்டால் உள்ளே இப்போது தெரிந்துவிடும். அந்தச் செய்திக்காக என் அறையில் உட்கார்ந்து காத்திருக்க என்னால் முடியவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. முதல் ஊசிக்கு முன்னாடி ராத்திரி தூங்கவில்லை என்றேன். நுரையை எண்ணத் தெரியாமல் விழித்ததைச் சொன்னேன். மூச்சைப் பற்றி உங்களிடம் வேகமாகச் சொல்லிக் கடந்தது உங்களுக்காக மட்டும் இல்லை, எனக்கே அதை வாயால் சொல்லப் பயம் என்றேன். இவ்வளவும் ஒரு டாக்டர் சொல்லக்கூடாத விஷயங்கள். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கோபப்பட்டால் படட்டும் என்று இருந்தேன். கோபப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

பதினொரு மணிக்கு டாக்டர் ரெட்டி வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கண் சிரித்தது. இரண்டு பை ரத்தம் தயாராக வைத்திருந்ததாகவும் ஒன்றைக்கூடத் தொடவில்லை என்றும் சொன்னார். பேச்சு பழையபடி வர இரண்டு மூன்று மாதம் ஆகும், வந்துவிடும் என்றார். சொன்னபடியே வந்தும் விட்டது. அன்றைக்குக் கதிரேசன் அவருக்குக் கும்பிடு போட்டார். அவர் போனதும் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். சாந்தியிடம் சொல்லப் போகவில்லையா என்று கேட்டேன். போகிறேன் என்றார், எழுந்திருக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, என்னைத் திட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லாமல் சொன்னார்: "நீங்க பயப்படறவங்கன்னு முதல்லயே தெரிஞ்சிருந்தா, நான் இன்னும் கொஞ்சம் நிம்மதியா இருந்திருப்பேன் டாக்டர்."

இப்போதெல்லாம் 'பயப்படாதீங்க' என்று நான் ஒரே ஒருவரிடம்தான் சொல்கிறேன், ஊசியைக் கையில் எடுத்ததும், மனசுக்குள். ஊசியைப் பிடித்திருக்கிற அந்த அம்மாள் என் பேச்சை இதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.